எண்ணெய்த் தேடல்: உணர்கருவிகளின் இடைவெளியில் அடங்கியிருக்கும் நிலத்தடி ரகசியம்

புதுதில்லி: கச்சா எண்ணெய்த் தேவையில் 80 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதியை நம்பியிருக்கும் இந்தியா, உள்நாட்டு வளத்தைக் கண்டறிய நில அதிர்வு ஆய்வுகளையே பெரிதும் சார்ந்துள்ளது. தரையில் பதிக்கப்படும் உணர்கருவிகள் எங்கே, எவ்வளவு இடைவெளியில் வைக்கப்படுகின்றன என்பது அந்த ஆய்வுகளின் துல்லியத்தைத் தீர்மானிக்கும் முக்கியக் காரணியாகும்.

நாட்டின் 26 வண்டல் படுகைகளில் அதுவரை ஆராயப்படாத பகுதிகளுக்காக 2016 அக்டோபரில் தேசிய நில அதிர்வு ஆய்வுத் திட்டம் தொடங்கப்பட்டது. மொத்தம் 48,243 கி.மீ. நீளத்துக்கு இருபரிமாண ஆய்வு நடத்தும் பொறுப்பு ஓஎன்ஜிசி, ஆயில் இந்தியா நிறுவனங்களிடம் ஒப்படைக்கப்பட்டது.

வெடிமருந்து அல்லது அதிர்வு வாகனம் எழுப்பும் அலைகள், நிலத்தடிப் பாறை அடுக்குகளில் பட்டுத் திரும்புகின்றன. அவற்றை ‘ஜியோபோன்’ எனப்படும் உணர்கருவிகள் பதிவு செய்கின்றன.

கருவிகளின் இடைவெளி, பதிவாகும் மிகக் குறுகிய அலைநீளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது அடிப்படை விதி. நொடிக்கு 2,000 மீட்டர் வேகத்தில் தரையை ஒட்டிச் செல்லும் 50 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 40 மீட்டர். எனவே, 20 மீட்டருக்கு ஒரு கருவியாவது தேவை. இடைவெளி அதிகரித்தால், உண்மையில் இல்லாத சாய்வுகள் படத்தில் தோன்றக்கூடும்.

தக்காணப் பகுதியில் இச்சிக்கல் மேலும் கடுமையாகிறது. அங்கு சுமார் 5 லட்சம் சதுர கி.மீ. பரப்பில் படர்ந்துள்ள எரிமலைப் பாறையான பசால்ட், அலைகளைச் சிதறடித்து, கீழுள்ள வண்டல் அடுக்குகளை மறைக்கிறது. இத்தகைய இடங்களில் கருவிகளை நெருக்கமாக வைப்பது மட்டும் போதாது. அகன்ற கோணத்தில் திரும்பும் அலைகளையும் பதிவு செய்யும் வகையில், கருவி வரிசையை நெடுந்தொலைவுக்கு நீட்ட வேண்டியுள்ளது.

கருவிகளின் எண்ணிக்கை உயர்ந்தால் செலவும் உயரும். ஆறுகள், குடியிருப்புகள், பயிர் நிலங்கள் குறுக்கிடும்போது பதிவுகளில் வெற்றிடங்கள் விழுகின்றன. கம்பிவடம் தேவைப்படாத தனித்தியங்கும் கருவிகள் இச்சிரமத்தை ஓரளவு குறைக்கின்றன. சீரற்ற இடைவெளியில் குறைந்த கருவிகளைத் திட்டமிட்டுப் பதித்து, விடுபட்ட தரவுகளைக் கணினி மூலம் மீட்டெடுக்கும் முறையும் பயன்பாட்டுக்கு வந்துள்ளது. எனினும், பதிவில் அறவே இடம்பெறாத அலையை எந்தக் கணினியாலும் உருவாக்கித் தர இயலாது.

ஆகவே, கருவிகளைக் குறைத்து ஆய்வில் மிச்சப்படுத்தும் தொகை, தவறான படத்தை நம்பித் தோண்டப்படும் ஒரே ஒரு வறண்ட கிணற்றில் கரைந்துபோகும் அபாயம் உள்ளது.