காணாததற்குச் சாட்சியா?



காணாமற்போன ஒருவரின் கார் ஏரியிலோ ஆற்றிலோ மூழ்கிக் கிடந்து ஒரு நாள் கண்டெடுக்கப்பட்டால், அதன் கதவைத் திறக்கும் முன்னரே நம் வாய்கள் திறந்துவிடுகின்றன. "விபத்தாவது, மண்ணாவது! எவனோ கொன்று தள்ளிவிட்டான்" என்பார் ஒருவர். "அந்தக் குடும்பத்தில் சொத்துத் தகராறு இருந்ததே" என்பார் அடுத்தவர். மூன்றாமவர் குரலைத் தாழ்த்தித் தற்கொலை என்பார். மூவரும் அந்த நீர்நிலையின் கரைப்பக்கம் போயிருக்கவே மாட்டார்கள்.

2024 பிப்ரவரி 4 அன்று, ஹிமாசலப் பிரதேசத்தின் கின்னௌர் மாவட்டத்தில், சென்னை முன்னாள் மேயர் சைதை துரைசாமி அவர்களின் மகன் வெற்றி துரைசாமி சென்ற கார் சட்லெஜ் ஆற்றில் விழுந்தது. ஓட்டுநர் மாண்டார். உடன் சென்ற நண்பர் காயங்களுடன் உயிர் பிழைத்தார். வெற்றியின் உடல் 8 நாட்கள் கழித்து, 12ஆம் தேதிதான் ஆற்றில் கிடைத்தது. அங்கே நடந்ததைச் சொல்ல ஒருவர் எஞ்சியிருந்தார். எவரும் எஞ்சாத இடத்தில்தான் கற்பனை சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கிறது.

அமெரிக்காவின் தெற்கு டகோட்டா மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். 1971 மே 29 இரவு, 17 வயதுடைய மாணவியர் இருவர் பழைய ஸ்டூடிபேக்கர் கார் ஒன்றில் நண்பர்கள் கூடியிருந்த இடத்துக்குப் புறப்பட்டனர். போய்ச் சேரவில்லை. காரும் அகப்படவில்லை. ஆண்டுகள் உருண்டன. சந்தேகம் ஒருவன்மேல் படிந்தது. அவன் நல்லவன் அல்லன். வேறு குற்றங்களுக்காக நீண்ட சிறைத்தண்டனை அனுபவித்து வந்தவன். 2004இல் அவனுடைய குடும்பப் பண்ணையைக் காவல்துறையினர் தோண்டிப் பார்த்தனர். 2007இல் அவன்மீது கொலைக் குற்றம் சாட்டப்பட்டது. அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகச் சிறையிலிருந்த மற்றொரு கைதி ஒரு ஒலிப்பதிவைக் கொடுத்திருந்தான். அது போலி என்று தெரியவரவே, 2008இல் வழக்கு கைவிடப்பட்டது.

2013 செப்டம்பரில் ஓர் ஓடையில் நீர் வற்றியபோது அந்தக் காரின் சக்கரங்கள் வெளியே தெரிந்தன. உள்ளே இருவரின் எலும்புகளும் இருந்தன. சாவி அதன் இடத்திலேயே இருந்தது. முன்விளக்குகளின் சுவிட்சு போடப்பட்டிருந்தது. கியர் மூன்றாவது நிலையில் இருந்தது. அதாவது, அது தள்ளிவிடப்பட்ட கார் அன்று, ஓடிக்கொண்டிருந்த கார். தீய செயலுக்கான தடயம் எதுவும் இல்லை, அது விபத்தே என்று 2014 ஏப்ரலில் அரசு அறிவித்தது. மாணவியரில் ஒருவருடைய தந்தை, கார் கிடைப்பதற்குச் சில நாட்களுக்கு முன்புதான் காலமாகியிருந்தார். அந்த ஒலிப்பதிவின் பொய் வெளிப்படாமல் போயிருந்தால், நடக்காத கொலைக்கு ஒரு கொலைகாரன் கிடைத்திருப்பான். கெட்டவன் என்பதால் எல்லாக் கெடுதலையும் அவனே செய்திருப்பான் என்பது எளிதில் வருகிற எண்ணம். நம் தெருக்களிலும் அது தாராளமாக உலவுகிறது.

எங்கள் விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர். சூளையிலிருந்து விரிசலோடு ஒரு பொருள் வெளிவந்தால், தொழில் அறிந்தவர் யாரையும் திட்டுவதற்கு முன் அந்த விரிசலின் ஓரத்தைத் தடவிப் பார்ப்பார். மெருகு உருகி ஓரம் மழுங்கியிருந்தால், சூடேறும் காலத்திலேயே விழுந்த விரிசல் அது. ஓரம் கத்திபோல் கூர்மையாக இருந்தால், சூளை ஆறும்போது விழுந்தது. கைப்பிடி அளவு மண்பாண்டத்துக்குக் காட்டும் இந்தப் பொறுமையை ஒரு மனித உயிருக்குக் காட்டலாகாதா?

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. 1969 ஜூலை 18 இரவு, அமெரிக்க செனட்டர் எட்வர்ட் கென்னடி ஓட்டிச் சென்ற கார், சாப்பக்விடிக் தீவில் ஒரு பாலத்திலிருந்து நீரில் விழுந்தது. அவர் தப்பினார், உடனிருந்த 28 வயதுப் பெண் காருக்குள்ளேயே இறந்தார். ஏறத்தாழ 10 மணி நேரம் கழித்தே செனட்டர் காவல்துறையிடம் சென்றார். பிரேதப் பரிசோதனை செய்யாமலே உடல் அடக்கம் செய்யப்பட்டது. பின்னர் உடலைத் தோண்டி எடுக்க அரசுத் தரப்பு கோரியபோது பெற்றோர் எதிர்த்தனர், நீதிமன்றமும் மறுத்துவிட்டது. விபத்து நடந்த இடத்தை விட்டு அகன்ற குற்றத்துக்காக 2 மாதத் தண்டனை விதிக்கப்பட்டு, அதுவும் நிறுத்தி வைக்கப்பட்டது. அப்பெண் எப்படி, எவ்வளவு நேரம் கழித்து இறந்தார் என்ற வாதம், 2009இல் செனட்டர் மறைந்த பின்னும் ஓயவில்லை.

இதை நம் குடும்பங்களுக்காகவே எழுதுகிறேன். மய்யித்தை அறுக்க விடக்கூடாது, விரைவில் அடக்கிவிட வேண்டும் என்று காவல் நிலைய வாசலில் கெஞ்சுகிறவர்களில் நம்மவர்கள் அதிகம். மய்யித்தின் கண்ணியம் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆனால் குற்றம் நடந்ததா என்று அறிய வேண்டிய தேவை ஏற்படும்போது பிரேதப் பரிசோதனை கூடும் என்று மக்காவில் ராபித்தாவின் ஃபிக்ஹு மன்றம் 1987இலேயே தீர்மானித்திருக்கிறது. நீரில் மூழ்கி இறந்த முஸ்லிம் ஷஹீத் என்ற சிறப்பு நம் சிறுவர்களுக்குக்கூடத் தெரியும். அவர் மூழ்கித்தான் இறந்தாரா என்பதை அறிய முயல்வது அந்தச் சிறப்புக்குக் குறைவன்று.

அந்தப் பரிசோதனையில் ஒரு நுட்பம் உண்டு. ஏரி, ஆற்று நீரில் டயாட்டம் என்னும் கண்ணுக்குத் தெரியாத பாசியினம் வாழ்கிறது. அதன் ஓடு சிலிக்காவால் ஆனது. பீங்கான் மண்ணில் கலந்திருக்கும் அதே சிலிக்கா. உயிரோடு ஒருவர் மூழ்கும்போது நீரோடு அது நுரையீரலில் புகுகிறது. துடித்துக்கொண்டிருக்கும் இதயம் அதை இரத்தத்தோடு எலும்பு மஜ்ஜை வரை கொண்டு சேர்க்கிறது. இறந்த பின் நீரில் போடப்பட்ட உடலில் இதயம் நின்றுவிட்டதால் மஜ்ஜை வரை அது செல்வது அரிது. இது ஒன்றே முடிவான சான்று ஆகாது. கிடந்த நீரின் மாதிரியோடு ஒப்பிட வேண்டும், மற்ற அடையாளங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அவசர அடக்கம் இத்தனையையும் மண்ணோடு மூடிவிடுகிறது. கொலையாளி ஒருவன் இருந்தால் அவனுக்கு இதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

நபி (ஸல்) அவர்களின் காலத்து வழக்கு ஒன்று புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. அப்துல்லாஹ் இப்னு ஸஹ்ல் (ரலி), முஹய்யிஸா (ரலி) ஆகிய இருவரும் வறுமை காரணமாகக் கைபர் சென்று, அங்கே பிரிந்தனர். பின்னர் அப்துல்லாஹ் கொல்லப்பட்டு, நீருள்ள பள்ளத்திலோ ஊற்றிலோ எறியப்பட்டுக் கிடந்தார். கைபர் யூதர்களே கொன்றனர் என்றார் முஹய்யிஸா, அவர்கள் மறுத்தனர். பகை நிறைந்த காலம் அது. சந்தேகிக்கக் காரணங்கள் இருந்தன. ஆயினும் நபி (ஸல்) அவர்கள், உறவினர்கள் ஐம்பது சத்தியம் செய்ய ஆயத்தமா என்றே கேட்டார்கள். நாங்கள் கண்ணால் காணவில்லையே, எப்படிச் சத்தியம் செய்வது என்றனர் அவர்கள். அப்படியானால் யூதர்கள் சத்தியம் செய்து விடுபடட்டுமே என்றபோது, அவர்களின் சத்தியத்தை எப்படி ஏற்பது என்றனர். உயிர் வீணாகப் போகக் கூடாதென்று, நபி (ஸல்) அவர்களே 100 ஒட்டகங்களை நஷ்ட ஈடாகக் கொடுத்தார்கள். அவற்றுள் ஒரு சிவப்பு ஒட்டகம் தம்மை உதைத்ததை அறிவிப்பாளர் ஸஹ்ல் (ரலி) நினைவுகூர்கிறார். கேட்டதையும் கண்டதையும் கலக்காத மனிதரின் சொல் இப்படித்தான் இருக்கும்.

இதிலிருந்து பிறந்த கஸாமா சட்டத்தில், முதலில் சத்தியம் செய்ய வேண்டியவர்கள் ஊராரா, உறவினரா என்பதில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகள் வேறுபடுகின்றன. அந்த உறவினர்களின் நேர்மையில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. காணாததற்கு அவர்கள் சத்தியம் செய்யவில்லை.

நம் நாட்டுச் சட்டத்திலும் இதையொத்த ஓர் இடம் இருக்கிறது. இயற்கைக்கு மாறான மரணத்தில், அக்கம்பக்கத்து மரியாதைக்குரிய இருவர் அல்லது மேற்பட்டோர் முன்னிலையில் பிரேத விசாரணை நடத்திக் காவல்துறை அறிக்கை எழுத வேண்டும். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவாக இருந்த இது, 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தில் 194ஆம் பிரிவு. பஞ்சாயத்தார் என்று கையொப்பமிடும் அந்தப் பெரியவர்களில் ஜமாஅத் நிர்வாகிகளும் பல நேரங்களில் உண்டு. எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். உடலில் கண்ட காயம், ஆடை, காரின் கண்ணாடி நிலை ஆகியவை அதில் உள்ளனவா என்று பாருங்கள். குடும்பத்தார் அழுகிறார்கள் என்பதற்காக விபத்து என்றோ, தேநீர்க் கடையில் கேட்டதற்காகக் கொலை என்றோ கருத்துச் சொல்லிக் கையொப்பமிட வேண்டாம்.

இறந்த நேரமும் முக்கியம். கணவன் காணாமற்போன பெண், 4 ஆண்டுகள் அவனைப் பற்றிய செய்தி இல்லையென்றால் 1939ஆம் ஆண்டுச் சட்டப்படி நீதிமன்றத்தில் மணவிடுதலை கோரலாம். அதற்குள் கார் கிடைத்து மரணம் உறுதியானால், அவளுடைய இத்தா செய்தி கிடைத்த நாளிலிருந்து அன்று, இறந்த நாளிலிருந்து கணக்கிடப்படும். மதரஸாக்களில் ஓதப்படும் ஸிராஜிய்யா என்னும் வாரிசுரிமை நூலில் மூழ்கி இறந்தவர்களுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அன்று கப்பலை நினைத்து எழுதினார்கள், இன்று கார். தந்தையும் மகனும் ஒன்றாக மூழ்கி, யார் முந்தி இறந்தார் என்பது தெரியாவிட்டால், ஒருவருக்கு மற்றவர் வாரிசாவதில்லை. உயிரோடிருக்கும் வாரிசுகளுக்கே இருவர் சொத்தும் பிரியும். முந்தியவர் யாரென்று தெரிந்தால் மருமகளின் பங்கும் பேரப் பிள்ளைகளின் பங்கும் மாறிவிடும். அதனால்தான் பாகப்பிரிவினைக்கு என்னிடம் வரும் இத்தகைய குடும்பங்களிடம் முதலில் பிரேதப் பரிசோதனை அறிக்கையின் நகலைக் கேட்கிறேன்.