அரிசிக் கப்பலுக்கு ஒரு கால அட்டவணை வேண்டும்

திருப்புட்குழி போன்ற காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர்களில் சொர்ணவாரி நெல் அறுவடையை நெருங்கும் காலம் ஆடி. 2023-இல் அந்த நேரத்தில்தான், ஜூலை 20 அன்று, பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. உள்நாட்டில் சில்லறை விலை ஓராண்டில் 11.5 சதவீதம் ஏறியிருந்தது. எல் நினோ அச்சமும் சேர்ந்துகொண்டது. நம் ரேஷன் கடையும் சமையலறையும் முதலில் என்று அரசு நினைத்ததில் தவறில்லை. ஆனால் உலக அரிசி வணிகத்தில் சுமார் 40 சதவீதம் நம் கையில் இருக்கிறது. தடை வந்த அடுத்த மாதமே ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் அரிசி விலைக் குறியீடு 15 ஆண்டுகளில் இல்லாத உயரத்துக்குப் போனது.

அந்த விலையைக் கொடுத்தவர்கள் ஏழை நாட்டு மக்கள். செனகலில் வீட்டுச் சாப்பாடே நொய்யரிசிதான். 2022 செப்டம்பரில் நாம் நிறுத்திய நொய்யரிசி ஏற்றுமதி, 2025 மார்ச்சில்தான் மீண்டும் திறந்தது. இடையில் வேண்டிக் கேட்ட நாடுகளுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. காசு கொடுத்து வாங்கும் அரிசிக்காக ஒரு நாடு தூதரகம் வழியாக மன்றாட வேண்டியிருந்தது நமக்குப் பெருமை தரும் செய்தியல்ல.

இங்கே நடந்ததையும் பார்ப்போம். தடைகள் விலகும் வேளையில் கிடங்குகள் நிரம்பி வழிந்தன. 2024-25-இல் 52 லட்சம் டன் அரிசி எத்தனால் ஆலைகளுக்கு ஒதுக்கப்பட்டது, குவிண்டால் 2,250 ரூபாய்க்கு. அதே ஆண்டு சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை 2,300 ரூபாய். நெல்லைவிட மலிவாக அரிசி! ஒரு குவிண்டால் நெல்லை அரைத்தால் 67 கிலோ அரிசிதான் தேறும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வயிறு எரிகிறது. அந்த அரிசியில் ஒரு பங்கையாவது இறக்குமதி நாடுகளுக்கு விற்றிருக்கலாம்.

வழி தெரியாமல் இல்லை. மாலத்தீவுக்கு 1981 ஒப்பந்தத்தின்படி அத்தியாவசியப் பொருள்களை ஆண்டு ஒதுக்கீடாகவே அனுப்பி வருகிறோம். 2024-25-க்கு அரிசி மட்டும் 1,24,218 டன். ஏற்றுமதித் தடை இருந்தபோதும் இந்த ஒதுக்கீடு தொடர்ந்தது. இதே ஏற்பாட்டை இலங்கை, செனகல், பெனின் போன்ற நாடுகளுக்கும் விரிவாக்கலாம். இருப்பு நெறிக்கு மேல் எவ்வளவு மிஞ்சும் என்பதைக் கொள்முதல் பருவத் தொடக்கத்திலேயே அறிவித்து, ஓராண்டு ஒப்பந்தம் போட வேண்டும். அரசுக் கொள்முதல் கையிருப்பை ஏற்றுமதி செய்ய உலக வர்த்தக அமைப்பில் எதிர்ப்பு உண்டு. வாங்கும் நாடுகளையே துணைக்கு அழைத்துப் பேசினால் நம் வாதத்துக்கு வலு கூடும்.

2022 மே மாதம் இலங்கை நெருக்கடியில் தவித்தபோது தமிழ்நாட்டு மக்கள் சார்பில் சென்னைத் துறைமுகத்திலிருந்து 9,000 டன் அரிசி போனது. அது நெஞ்சை நிறைத்த உதவி. ஆனால் பஞ்சம் வந்த பிறகு ஓடுவதைவிட, ஆண்டுதோறும் தவறாமல் போய்ச் சேரும் அரிசிதான் ஒரு நாட்டை நிம்மதியாக வைத்திருக்கும்.

ஏற்றுமதி பெருக வேண்டுமென்றால் இன்னும் அதிகப் பரப்பில் நெல் நட வேண்டும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. ஏரித் தண்ணீர் வற்றிய பிறகு ஆழ்துளைக் கிணற்றை நம்பி நவரைப் பட்டத்தை விரித்துக்கொண்டே போக முடியாது. விளைந்ததைக் காப்பாற்றினாலே போதும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் விவசாயி நெல்லைச் சாலையில் கொட்டிக் காயவைக்கிறார். மழை வந்தால் மூட்டையிலேயே முளைத்துவிடுகிறது. ஏற்றுமதி வருவாயில் முதல் செலவாக, இந்த நிலையங்களில் உலர்த்தும் இயந்திரமும் கூரையுள்ள களமும் வைக்கட்டும்.