நேற்றுத் திறந்திருக்கிறார்கள்

“மேட்டூர் அணையை நேற்றுத் திறந்திருக்கிறார்கள்” என்பது பழுதற்ற தமிழ். தஞ்சை மாணவன் இதையே ஆங்கிலத்தில் ‘தே ஹேவ் ஓபன்ட்’ என்றெழுதி ‘எஸ்டர்டே’யும் சேர்த்தால் சிவப்பு மையால் சுழிக்கிறார்கள்; பன்னிரண்டு காலங்களின் அட்டவணையை மீண்டும் ஒப்பிக்கச் சொல்கிறார்கள். பிழை அவன் நினைவாற்றலில் இல்லை. ‘திறந்து’ என்னும் வினையெச்சத்தோடு ‘இரு’ சேர்வதும், ‘ஓபன்ட்’ முன் ‘ஹேவ்’ நிற்பதும் ஏறக்குறைய ஒரே வேலைதான்: முடிந்த செயலை இன்றோடு பிணைப்பது. ஆனால் தமிழ் அங்கே ‘நேற்று’க்கு இடந்தரும், ஆங்கிலம் தராது, நாளைக் குறித்துவிட்டால் வெறும் ‘ஓபன்ட்’தான்.

இதை விளக்க ஆங்கில வகுப்பில் தமிழிலக்கணம் நுழைந்தாக வேண்டும். இன்னும் கிளம்பாதவன் ‘இதோ வந்துவிட்டேன்’ என்பதை விரைவுப் பொருளில் ஏற்றவர் தொல்காப்பியர். அவரைக் கற்ற தமிழாசிரியர்களாகிய நாங்களோ அடுத்த வகுப்பை எட்டிப் பார்ப்பதில்லை. ஆங்கில ஆசிரியர் தமிழ் கேட்டாலே முகம் சுளிக்கிறார்.