அரைக் குளிசைக் கருணை

கடந்த மாதம் எங்கள் ஒழுங்கையில் ஒரு பூனை இறந்தது. பூனை இறப்பது செய்தியல்ல என்பதை முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தி அறையில் காலம் கழித்தவனுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆயினும் அது இறந்த விதம்பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. அதனைக் கொன்றது வாகனமுமல்ல, நாயுமல்ல. அதன்மீது அளவிறந்த பாசம் வைத்திருந்த, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரின் கை.

வெள்ளிக்கிழமை மாலை அந்தக் கடுவன் பூனை சோர்ந்து படுத்திருந்திருக்கிறது. உடம்பு சுட்டிருக்கிறது. ரீச்சர் பனடோல் குளிசை ஒன்றைப் பாதியாக உடைத்து, நொறுக்கி, மீனில் பிசைந்து ஊட்டியிருக்கிறார். மறுநாட் காலை என்னை அழைத்தபோது பூனையின் முகம் வீங்கியிருந்தது. வாயைத் திறந்து பார்த்தேன். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய பல்முரசு சொக்லேட் நிறத்துக்கு மாறியிருந்தது. மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. முச்சக்கர வண்டி பிடித்து மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"சின்னப் பிள்ளையளுக்கே குடுக்கிறனாங்கள், தம்பி. அரைக் குளிசை என்ன செய்யப்போகுது எண்டு நினைச்சன்" என்றார் ரீச்சர்.

என்ன செய்யும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். பரசிற்றமோல் மருந்தை மனித ஈரல் குளுக்குரோனிக் அமிலத்துடன் பிணைத்துச் சிறுநீரில் வெளியேற்றிவிடுகிறது. அதற்குத் தேவையான நொதியத்தை உருவாக்கும் மரபணு பூனை இனத்தில் செயலிழந்து கிடக்கிறது. எனவே மருந்து நச்சுப்பொருளாக மாறி இரத்தத்தில் தங்குகிறது. செங்குழியங்கள் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழக்கின்றன. மூச்சு விட்டுக்கொண்டே மூச்சுத்திணறிச் சாவது என்பது இதுதான். கிலோ ஒன்றுக்கு 10 மில்லிகிராம் என்ற அளவிலேயே பூனைகளில் நஞ்சூட்ட அறிகுறிகள் பதிவாகியுள்ளன. குளிசை ஒன்றில் இருப்பது 500 மில்லிகிராம். மூன்று கிலோ எடையுள்ள பூனைக்கு அரைக் குளிசை கொடுத்தால் அந்த அளவின் எட்டு மடங்கைக் கொடுத்தவராவீர்கள். பூனைக்குப் பாதுகாப்பான பரசிற்றமோல் அளவு என்று ஒன்று இல்லவே இல்லை. மாற்று மருந்து உண்டு. ஆனால் அது மணிக்கணக்கில் நடைபெறும் பந்தயம். விடியட்டும் பார்க்கலாம் என்று இருப்போருக்கு உரியதல்ல.

ரீச்சரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் விரும்பவில்லை. ஏற்றப்பட வேண்டியது, பூனையைச் சிறிய மனிதனென்றும் சில வேளைகளில் சிறிய நாயென்றும் எண்ணும் எமது பொதுப்புத்தி. அதற்குத் தீனி போட்டவர்களில் பத்திரிகைகளும் உள. நானும் உளேன். வார இதழொன்றில் வீட்டுக்குறிப்புப் பக்கத்தைக் கவனித்த காலத்தில், அரைப்பத்தி இடம் காலியாக இருந்ததற்காக, பூனையின் சளிக்கு உள்ளியை நசுக்கிக் கொடுக்கலாம் என்ற குறிப்பைப் பிரசுரித்தேன். உள்ளி எனும் வெள்ளைப்பூண்டும் வெங்காயமும் பூனையின் செங்குழியங்களைச் சிதைப்பவை. அந்தக் குறிப்பை வாசித்து எத்தனை பேர் உள்ளி நசுக்கினார்களோ! அச்செழுத்தை வேதவாக்காக எண்ணிய காலம் அது. பிழைதிருத்தம் எதுவும் நான் வெளியிடவில்லை.

இது ஊர்ப்புறத்து அறியாமை என்று லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து வாசிப்போர் புன்னகைக்க வேண்டாம். நாய்களின் தெள்ளுக்கென விற்கப்படும் பேர்மெத்ரின் கலந்த சொட்டு மருந்தைப் பூனையின் கழுத்தில் இட்டு, அது வலிப்பில் துடிப்பதைப் பார்த்து நிற்பவர்கள் குளிர்தேசங்களிலேயே அதிகம். கண்ணாடிச் சாடியில் அழகுக்கு வைக்கும் லில்லி மலரின் மகரந்தத்தை நக்கினாலே பூனையின் சிறுநீரகம் பழுதாகும். வாழுமிடம் மாறினாலும், வாசித்தறியாமல் வளர்க்கும் எம்மவர் பழக்கம் மாறுவதில்லை.

உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. பால் பூனையின் உணவு என்பது சிறுவர் புத்தகப் படங்கள் கற்பித்த பொய். வளர்ந்த பூனைகளிற் பெரும்பாலானவற்றுக்குப் பால் செரிப்பதில்லை, வயிற்றோட்டமே மிச்சம். பூனை முற்றுமுழுதான புலாலுண்ணி. ரோரின் எனப்படும் சத்து குறைந்தால் அதன் கண்ணும் இதயமும் கெடும். இதயம் கெடுவதை 1987இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'சயன்ஸ்' சஞ்சிகையில் நிறுவியபோது, நோயுற்ற பூனைகள் உண்டது தொழிற்சாலைகளிலே தயாரான உணவு. அதற்கே அந்தக் கதியென்றால், சோற்றில் மீன்குழம்பை ஊற்றிவைத்துவிட்டு "எங்கள் பூனை எங்களைப்போலவே சாப்பிடும்" என்று பெருமைப்படுவதில் என்ன இருக்கிறது?

இன்னொன்று. கடுவன் பூனை மணலில் அடிக்கடி குந்தி, முக்கி, ஒன்றும் போகாமல் எழுந்தால் அதனை மலச்சிக்கல் என்று எண்ணி எண்ணெய் பருக்காதீர்கள். சிறுநீர்க்குழாய் அடைபட்டிருக்கலாம். ஓரிரு நாட்களில் உயிர் போய்விடும். அன்றைக்கே வைத்தியரிடம் ஓட வேண்டும்.

என் கோபம் முழுவதும் எஞ்சியிருப்பது வேறொரு விடயத்தில். ரீச்சர் அறியாமற் செய்தார். அறிந்தே செய்பவர்கள் இருக்கிறார்கள். பெட்டைப் பூனை ஐந்து மாதத்திலேயே சினைப்படக்கூடியது. ஒன்பது வாரங்களில் குட்டி போடும். நான்கு, ஐந்து என்று போடும். முதற் குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததற்குத் தயாராகும். இக்கணக்கு தெரிந்தவர்களிடம் கருத்தடைச் சத்திரசிகிச்சை பற்றிச் சொல்லிப் பாருங்கள். "ஐயோ, பாவம்! வாயில்லாச் சீவனின் கருப்பையை வெட்டுவதா?" என்பார்கள். அதே வாயால் அடுத்த மாதம் முச்சக்கர வண்டிக்காரரை அழைத்து, கண் திறவாத குட்டிகளை உரப்பையில் கட்டி மீன்சந்தைப் பக்கம் விட்டுவரச் சொல்வார்கள். மீன்சந்தையில் உணவு கிடைக்குமாம்! பல் முளைக்காத குட்டி எந்தப் பாரை மீனைக் கடித்துத் தின்னும்? கத்தி வைத்தால் பாவம், காகத்துக்குப் போட்டால் புண்ணியம் என்று எந்த ஆகமம் சொல்கிறது? வெள்ளிக்கிழமைகளில் மச்சம் தவிர்க்கும் வீடுகளிலிருந்தும் அந்தப் பைகள் புறப்படுவதை நான் கண்டிருக்கிறேன். விலங்குவதைத் தடுப்புக்கென 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் ஒன்று எமது நாட்டில் உண்டு. அதன் தண்டம் நூறு ரூபா. புதிய சட்டத்துக்கான வரைவைச் சட்ட ஆணைக்குழு 2006இல் தயாரித்தது. அதன்பின் அரசாங்கங்கள் மாறின, கோப்பு அலுமாரிக்கு அலுமாரி நகர்ந்தது.

செலவு என்பார்கள். இந்த ஆட்சேபத்தை மட்டும் நான் மதிக்கிறேன். அரச கால்நடை வைத்திய அலுவலகங்கள் பெயருக்கேற்ப மாட்டையும் ஆட்டையும் கோழியையும் கருதியே அமைந்தவை. தனியார் சிகிச்சை நாட்கூலி பெறுவோருக்கு எளிதல்ல. ஆனால் உரப்பை கட்டுவோரில் நான் கண்டவர்கள் நாட்கூலிக்காரர்கள் அல்லர். பூப்புனித நீராட்டு விழாவுக்கு வீடியோக்காரருக்குக் கொடுக்கும் முற்பணத்தில் ஒரு பெட்டைப் பூனையின் சிகிச்சையை முடித்து, குட்டிகளை அழிக்கும் நோய்களுக்கான தடுப்பூசியையும் போட்டுவிடலாம்.

இறந்த கடுவனின் சகோதரி ரீச்சர் வீட்டில் இருக்கிறது. ஆறு மாதம் ஆகப்போகிறது. மதிலின் மேல் அயலூர்க் கடுவன்கள் நடமாடத் தொடங்கிவிட்டன. வருகிற செவ்வாய்க்கிழமை அதனைச் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோவதென்று ரீச்சர் முடிவெடுத்திருக்கிறார். உறவினர் இருவர் வந்து பாவக் கதை சொல்லிவிட்டுப் போனார்களாம். "அப்ப பிறக்கிற குட்டியளில ஆளுக்கு ரண்டு கொண்டுபோங்கோ எண்டன், தம்பி. தேத்தண்ணியும் குடியாமல் எழும்பிவிட்டினம்" என்றார். செவ்வாய் காலை ஏழு மணிக்கு முச்சக்கர வண்டி வரும். முதல்நாள் இரவுக்குப் பின் உணவு கொடுக்கக்கூடாது என்று வைத்தியர் கூறியிருப்பதால், மீன் சட்டியை எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.