மூவாயிரம் மீட்டருக்கு மேலே

விமானம் கிளம்புமுன் செல்பேசியை அணைக்கச் சொன்னால் நம்மில் பலர் முகம் சுளிக்கிறோம். விமானக் கருவிகள் குழம்பும் என்பதே காரணம் என்றும் எண்ணியிருக்கிறோம். 1991இல் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் தடை விதித்ததோ தரையிலுள்ள கோபுரங்களை நினைத்து. உயரே பறக்கும் செல்பேசிக்கு ஒரே சமயத்தில் பல கோபுரங்கள் எட்டும். அத்தனைக்கும் அது இடைஞ்சல். பின்னர், விமானத்துக்குள்ளேயே சிறு நிலையம் அமைத்துச் செயற்கைக்கோள் வழியே தரையோடு இணைக்கும் முறை வந்தது. 2008 மார்ச்சில் எமிரேட்ஸ் பயணிகள் வானிலிருந்து பேசினர். இந்திய வான்வெளியில் 3000 மீட்டருக்கு மேல் இச்சேவை தரலாம் என்று 2018 டிசம்பரில் நம் அரசும் விதி வகுத்தது.

அவ்விதிகளின் பெயரில் விமானத்தோடு கடலும் இருக்கிறது. ஆனால் அது கப்பல்களின் கடல். பழவேற்காட்டு முகத்துவாரம் தாண்டிப் போகும் ஃபைபர் படகில் செயற்கைக்கோள் நிலையம் அமைக்க எந்த நிறுவனமும் வரப்போவதில்லை. ஏரிக்குள் பாடு முறைப்படி வலையிடுவோருக்குக் கரை அருகிலேயே இருக்கிறது. கூனங்குப்பத்திலிருந்தோ லைட் ஹவுஸ் குப்பத்திலிருந்தோ கடலுக்குள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சென்றவரின் செல்பேசி வெறும் கடிகாரம்தான்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது, ஆழ்கடலில் இருந்த குமரி மாவட்ட மீனவர்களுக்கு எச்சரிக்கை எட்டவில்லை. அதன் பிறகு, 2019 அக்டோபரில் 'ஜெமினி' என்ற கருவி அறிமுகமானது. விமானங்களுக்கு வழிகாட்டவென்று அமைத்த 'ககன்' செயற்கைக்கோள் வழியே வரும் புயல் செய்தியை, அது மீனவரின் செல்பேசித் திரையில் காட்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் செய்தி வரும், போகாது. படகு பழுதானால் அதைக் கொண்டு யாரையும் அழைக்க இயலாது. ஒரு லட்சம் படகுகளில் இருவழிக் கருவி பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில்தான் தொடங்கியது, எமிரேட்ஸ் பயணி பேசிப் பதினாறு ஆண்டுகள் கழித்து!

வானில் பேசவே கூடாது என்று நாம் வாதிடவில்லை. அவசரத்துக்குக் குறுஞ்செய்தி போதும். பக்கத்து இருக்கைக்காரரின் வியாபாரம் முழுவதையும் கேட்டுக்கொண்டே தில்லி போய்ச்சேர நமக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான். நம் வருத்தம் வரிசை பற்றியது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் கிளம்பும் நாள்களில் கடலுக்குப் போகாதீர்கள் என்ற அறிவிப்பு இந்தக் குப்பங்களுக்கு வந்துவிடுகிறது. அந்த இருவழிக் கருவிகளும் பெரிய விசைப்படகுகளுக்குக் காத்திராமல், இங்குள்ள ஃபைபர் படகுகளுக்கு முதலில் வரட்டும்.