கண்ணைப் பறிக்கும் "செனான்" பல்பு! எதிரே வருகிறவர் கதி என்ன?

ஆரணி,

வேலூரில் இருந்து கண்ணமங்கலம் வழியாக ராத்திரியில் ஆரணிக்கு வருகிறவர்களுக்கு இது தெரிந்த கதைதான். எதிரே ஒரு கார் பால் வெள்ளையாக வெளிச்சம் அடித்தபடி வரும். அவ்வளவுதான், ரோடு மறைந்துவிடும். மொபட்டில் பட்டுச்சேலைக் கட்டோடு வரும் நெசவாளி மண்ணில் இறங்கி நிற்க வேண்டியதுதான். முன்னால் நெல் மூட்டை ஏற்றிய டிராக்டர் விளக்கில்லாமல் நின்றால்...?

செனான் விளக்கு 1991-ல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. 7 சீரீஸ் காரில் வந்தது. அதற்கென்றே தனி விளக்கு செய்தார்கள். இங்கே பழைய விளக்குக்குள் பல்பை மட்டும் மாற்றுகிறார்கள். வினையே அதில்தான்.

சாதாரண "எச்-4" பல்பில் இரண்டு இழை. டிம்முக்கு 55 வாட், பிரைட்டுக்கு 60 வாட். டிம் இழைக்கு அடியில் உள்ள சின்னத் தகடுதான் எதிராளியின் கண்ணைக் காப்பாற்றுகிறது. செனானில் இழையே கிடையாது. 20 ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் கொடுத்து வாயுவைப் பற்றவைக்க வேண்டும். முழு வெளிச்சம் வரச் சில வினாடி பிடிக்கும்.

மலிவு செட்டைப் போட்டால் டிம் மட்டும் எரியும், பிரைட் போச்சு! "பிரைட்டும் வேணும்" என்பவர்களுக்கு இரண்டு வழி. ஒன்றில் செனான் பக்கத்திலேயே பிரைட்டுக்குப் பழைய இழை இருக்கும். இன்னொன்றில் காந்தம் பல்பையே முன்னும் பின்னும் இழுக்கும். இரண்டிலும் பிரைட் எரியும், மறுப்பதற்கில்லை. ஆனால் டிம் போட்டாலும் வெளிச்சம் அடங்காது. பழைய டிம் சுமார் 1,000 லூமென். செனான் சுமார் 3,000! அந்த வெளிச்சம் பிறக்கும் இடமும் பழைய இழை இருந்த இடத்துக்குச் சரியாகப் பொருந்தாது. எனவே கண்டபடி சிதறும். ஐரோப்பாவில் 2,000 லூமெனைத் தாண்டினால், பாரம் ஏறும்போது தானாகவே தாழும் அமைப்பும், கண்ணாடியைக் கழுவும் குழாயும் கட்டாயம். நம்மூரில் போடும் செட்டில் அதெல்லாம் ஏது?

சட்டம் என்ன சொல்கிறது? கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. அதே ஆண்டு திருத்திய மோட்டார் வாகனச் சட்டப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5 ஆயிரம் ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை ஜெயில், இரண்டும்கூட உண்டு.

வெளிச்சம் போதவில்லை என்று புலம்புகிறவர் முதலில் வயரைப் பார்க்கட்டும். மெலிந்த வயரில் பல்புக்கு முழு வோல்ட் போகாது. ரிலே வைத்துத் தடித்த வயர் இழுத்தால் அதே 60/55 பல்பு பளிச்சென்று எரியும். மஞ்சள் பூத்த கண்ணாடியைத் தேய்த்து, விளக்கின் சாய்மானத்தையும் சரிபார்க்கலாம்.

முன்பு போலீசார் விளக்கின் நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டுவார்கள். செனானுக்கு அந்தப் பொட்டு எந்த மூலைக்கு?