உலகத்தோடு பழகும் கல்வி

கிணற்றிற் பிறந்து கிணற்றிலேயே வளர்ந்த தவளை, வானம் சிறியதொரு வட்டம் என்றே கருதும். அதன்மேற் குற்றம் கூறுதல் பொருந்தாது. அது கண்ட வானம் அவ்வளவே. ஆயின், பல்கலைக்கழகத்திற் பயின்று வெளிவரும் இளைஞரும் அவ்வாறே கருதுவாராயின் அக்குறை யாருடையது? அவர் நூல் பல கற்றார், பட்டமும் பெற்றார். எனினும், தம்மின் வேறான மொழியும் வழக்கமும் உடையார் ஒருவரைக் கண்டால் நகைக்கின்றார்; அல்லது அஞ்சி ஒதுங்குகின்றார். அவர் கற்ற கல்வி நிறைவுற்ற கல்வி ஆகுமா? வேற்று நாட்டாரோடு பழகவும், அவர் கருத்தை அவர் நிலையில் நின்று உணரவும், அவரோடு கூடிப் பணியாற்றவும் வல்ல திறமே உலகத்தோடு பழகும் திறம். அத்திறம் அமைவது எவ்வாறு?

நாடு விட்டு நாடு சென்று பயிலுதல் ஒரு வழி. அவ்வழியைப் பெரிய அளவில் அமைத்துக் காட்டியது ஐரோப்பா. இரண்டு உலகப் போர்களில் அண்டை நாட்டாரே ஒருவரையொருவர் அழித்துக்கொண்ட நிலம் அது. அந்நிலத்தில் 1987-ஆம் ஆண்டில் மாணவர் பரிமாற்றத் திட்டம் ஒன்று தோன்றியது. நாடுதோறும் சென்று கற்றும் எழுதியும் வாழ்ந்து 1536-ஆம் ஆண்டில் மறைந்த அறிஞர் எராஸ்மஸின் பெயரை அது தாங்கி நிற்கின்றது. முதல் ஆண்டில் 11 நாடுகளைச் சேர்ந்த 3,244 மாணவர் அதனாற் பயன் பெற்றனர். பின்னர் அத்தொகை பல இலட்சமாகப் பெருகியது.

அத்திட்டத்திற்கு வித்திட்டோருள் ஒருவர் இத்தாலிய நாட்டுப் பெண்மணி சோபியா கொர்ராடி. அவர் உதவிச் சம்பளம் பெற்று அமெரிக்காவிற் கொலம்பியா பல்கலைக்கழகத்திற் பயின்று, 1958-ஆம் ஆண்டில் தாய்நாடு திரும்பினார். ஆனால், அயல்நாட்டில் அவர் கற்ற கல்வியைத் தாய்நாட்டுப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்ள மறுத்தது. கற்றது கல்வியே, கற்ற இடம் வேறு என்பதனாலேயே அது தள்ளப்பட்டது! கொர்ராடி தம் குறையை நினைந்து வருந்தி அமைந்தாரல்லர்; பின்வரும் மாணவர்க்கு அந்நிலை நேரலாகாது எனப் பல ஆண்டு உழைத்தார். இன்று அத்திட்டத்தின்கீழ் ஒரு நாட்டிற் பயின்ற பாடம் மற்றொரு நாட்டிலும் மதிப்புப் பெறுகின்றது. ஓராண்டுப் படிப்பை 60 அலகாகக் கணக்கிடும் முறை அதற்குத் துணை செய்கின்றது. ஒருவர்க்கு அடைக்கப்பட்ட கதவு பல்லாயிரவர்க்குத் திறந்தது.

எனினும், கப்பலோ விமானமோ ஏறிய அளவில் ஒருவர் உலகறிந்தவர் ஆகிவிடுவரோ? ஆகார். அயல்நாடு சென்றும் தம் நாட்டாரோடு மட்டுமே உண்டு, தம் நாட்டாரோடு மட்டுமே பேசி, ஓவியங்களையும் கோபுரங்களையும் பார்த்துத் திரும்புவாரும் உளர். அவர்கள் கிணற்றையும் உடன் கொண்டு சென்றவர்கள். உடல் பெயர்ந்தது, உள்ளம் பெயரவில்லை. அன்றியும், அயல்நாடு செல்லப் பொருள் வேண்டும், ஓய்வும் வேண்டும். பகலிற் பயின்று இரவில் உழைத்துக் குடும்பத்தைத் தாங்கும் மாணவர் எங்ஙனம் செல்வர்? உலகறிவு செல்வர்க்கே உரிய உடைமையாகிவிடின், அது கல்வியின் பயன் அன்று; கல்வியின் பிழையே ஆகும்.

இவ்விடருக்கு விடை தேடிய ஊர் ஒன்று உண்டு. அது சுவீடன் நாட்டின் தெற்கே உள்ள மால்மோ. அங்கே 1998-ஆம் ஆண்டில் பல்கலைக்கழகம் ஒன்று தொடங்கப்பெற்றது. புதிய நிறுவனமாதலின், மாணவரை அனுப்புதற்குரிய அயல்நாட்டுத் தொடர்புகள் அதற்கு அமையவில்லை. அங்குப் பணியாற்றிய பெங்கித் நில்சன் என்பார் ஊரையே உற்று நோக்கினார். நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளிலிருந்து குடியேறிய மக்கள் அந்நகரத் தெருக்களில் வாழ்ந்தனர். உலகம் வாயிலில் வந்து நிற்க, அதனைத் தேடி எங்குச் செல்வது? வீட்டிலிருந்தே உலகத்தை அறியும் கல்வி என்னும் கருத்து அவ்வாறு பிறந்தது.

அப்பல்கலைக்கழகத்தின் திட்டம் ஒன்று இராப்பாடிப் பறவையின் பெயரைத் தாங்கியது. அதன்படி மாணவர் ஒருவர் பள்ளிச் சிறுவர் ஒருவர்க்குத் துணையாவார். பல மாதங்கள் வாரந்தோறும் அவரைச் சந்திப்பார். இருவரும் நூலகம் செல்வர், சோலையில் உலாவுவர், கூடிச் சமைத்து உண்பர். குடியேறிய குடும்பத்துச் சிறுவர்க்குப் புதிய நாடு அறிமுகமாகும். மாணவர்க்கோ அச்சிறுவரின் வீடும் வழக்கமும் அறிமுகமாகும். இங்கே கொடுப்பவர் யார், பெறுபவர் யார் எனப் பிரித்துக் கூறுதல் அரிது.

உலகத்தோடு பழகினால் தன் மொழியும் பண்பும் தேயும் என அஞ்சுவார் உளர். அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. வேரில்லாத மரம் காற்றுக்கு நில்லாது. ஆயின், வேருள்ள மரத்திற்கும் காற்று வேண்டுமன்றோ? பிறர் ஒருவர், 'உங்கள் வழக்கம் இவ்வாறிருப்பது ஏன்?' என வினவும்போதுதான், அதுகாறும் எண்ணாத தன் வழக்கத்தை ஒருவர் எண்ணிப் பார்க்கின்றார். ஆதலின், தன்னை நன்கு அறிதற்கும் பிறர் துணை வேண்டும்.

அயல்நாடு செல்ல வாய்ப்புப் பெற்றோர் செல்க. ஆங்குள்ளாரோடு கலந்து பழகுக. பெறாதார் வருந்துதல் வேண்டா. வேற்று மொழி பேசும் ஒருவர் பக்கத்து வகுப்பில் இருக்கலாம். அடுத்த தெருவிற் குடியிருக்கலாம். அவர் பெயரைப் பிழையின்றி உச்சரிக்கக் கற்பதே முதற்பாடம். அவர் கூறுவதை இடைமறியாது கேட்டல் இரண்டாம் பாடம். இவ்விரண்டையும் கல்லாதார் உலகைச் சுற்றி வரினும் உலகை அறியார். கற்றாரோ தம் ஊரில் இருந்தும் அறிவர்.